காணிக்கைப் பையிலிருந்து கணக்குப் புத்தகம் வரை: மும்பைத் தமிழ்ச் சபைகளில் கொடுத்தலும் பராமரித்தலும்

மும்பைத் தமிழ்ச் சபைகள் பிழைக்க வந்தவர்களின் காசில் எழுந்தவை. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், மால்வணி, பாண்டூப், கல்யாண், அம்பர்நாத் என்று எங்கே போனாலும், திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்துகொண்டே ஆலயத்துக்குக் கல் எடுத்துக் கொடுத்திருக்கின்றன. கொடுக்க மனமில்லாத சபை என்று ஒன்றை இங்கே காட்டுவது கடினம். ஆனாலும் "காணிக்கை குறையுது" என்ற பேச்சு எல்லாக் கமிட்டியிலும் வருகிறது. உடனே யாராவது போதகரைப் பார்த்து, "ஐயா, தசமபாகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் பண்ணுங்க" என்பார்கள். வரவில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பதுதான் தசமபாகம்.

கணக்கு மேசையில் பல வருடம் உட்கார்ந்தவர்கள் என்ற முறையில் எங்கள் எண்ணம் வேறு. காணிக்கைப் பை பீடத்தை விட்டு இறங்கிய பிறகு யார் கையில் போகிறது, எந்த இடத்தில் எண்ணப்படுகிறது, எப்போது வங்கிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். விசுவாசிகளின் கை சுருங்குவது பெரும்பாலும் அந்த வழியில்தான். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வந்துகொண்டிருந்தது. ஆனால் யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் பழுது பார்க்கப்படவில்லை. பிறகு ஆசாரியனான யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தார். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிக் கட்டினார்கள். பணம் நேராகத் தச்சருக்கும் கொத்தருக்கும் போனது. அங்கே மாறியது எண்ணும் முறை. நெகேமியா 13-லும் இதே வரிசைதான்: தசமபாகம் மறுபடி வரத் தொடங்கியதும் அவர் செலேமியா, சாதோக், பெதாயா, ஆனான் என்று நான்கு பேரைப் பொக்கிஷசாலைக்கு வைக்கிறார். ஆசாரியன் ஒருவர், வேதபாரகன் ஒருவர், லேவியன் ஒருவர், கைத்துணையாக ஒருவர். ஒரே வீட்டு ஆட்களாக இல்லாமல் பல பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணும் வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிசகுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. ஆராதனை முடிந்தவுடன், ஆலய வளாகத்திலேயே, கதவு திறந்திருக்கும் அறையில் எண்ண வேண்டும். குறைந்தது மூன்று பேர்; இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பொருளாளர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் எண்ணும் கை அவருடையதாக இருக்க வேண்டாம். எண்ணுகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் ஒருவருடைய பிழையை மற்றவர் பிடிப்பார். அந்த மூவரும் மாதாமாதம் மாறும்படி ஒரு பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள். பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர், வாலிபரில் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

500 ரூபாய் நோட்டு எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று கீழே 1 ரூபாய் நாணயம் வரைக்கும் அச்சிட்ட தாளில் எழுதி, இரண்டு முறை எண்ணி, மூவரும் கையெழுத்திட வேண்டும். தாள் இரண்டு பிரதி: ஒன்று பணத்தோடு, ஒன்று செயலாளரிடம். பைக் காணிக்கை, கவர் காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை, மிஷனெரி உண்டியல் ஆகியவற்றைத் தனித்தனிக் குவியலாக எண்ணுங்கள். எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டுப் பிறகு பிரிக்கப் பார்த்தால் எந்தக் கவரில் எவ்வளவு என்பது தொலைந்துபோகும். கவரின் மேலே எழுதிய தொகையும் உள்ளே இருக்கும் தொகையும் பொருந்தவில்லை என்றால், அங்கேயே சிவப்பு மையில் குறித்து மூவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த வாரம் போய்க் கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

கிழிந்த நோட்டைத் திருப்பிப் போடாதீர்கள், வங்கிக் கிளைகளில் மாற்றித் தருவார்கள். நாணயங்களைச் சந்தைக் கடைக்காரர் யாரிடமாவது கொடுத்து நோட்டாக மாற்றுவது இங்கே வழக்கம். எண்ணித் தாளில் எழுதிய பிறகு மாற்றினால் தவறில்லை.

ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தளர்த்த வேண்டாம்: பையிலிருந்து நேரடியாகச் செலவு செய்யக் கூடாது. விருந்தினராக வந்த பிரசங்கியாருக்கு ஆட்டோ, பீடத்துக்குப் பூ, ஜெனரேட்டருக்கு டீசல் என்று, எண்ணுவதற்கு முன்பே 300, 500 எடுக்கப்படுகிறது. எடுத்தவர் யோக்கியர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த 500 வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. வருடத்துக்கு 52 ஞாயிறு என்றால் 26,000 ரூபாய் சபையின் புத்தகத்துக்கே தெரியாமல் வந்துபோகிறது. வந்த பணம் முழுவதும் திங்கட்கிழமை வங்கிக்குப் போகட்டும். சில்லறைச் செலவுக்கு மாதம் 3,000 அல்லது 4,000 ரூபாய் தனியாக எடுத்துப் பொருளாளர் கையில் வைத்து, வவுச்சரும் பில்லும் பார்த்து அதை நிரப்புங்கள். தணிக்கையாளருக்கு வேலை பாதியாகக் குறையும். அதைவிட முக்கியம், பொருளாளருடைய நல்ல பெயர் காப்பாற்றப்படும்.

யுபிஐ வந்த பிறகு பையின் கனம் குறைந்து, வங்கிப் பட்டியல் நீண்டுவிட்டது. க்யூஆர் அட்டை சபையின் பேரில் உள்ள கணக்கோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும். "கணக்குத் திறக்கிற வரைக்கும் அண்ணாச்சி நம்பருக்குப் போடுங்க" என்று தொடங்கியது வருடக்கணக்கில் நீளும். அண்ணாச்சியின் சொந்தப் பணமும் சபைப் பணமும் ஒரே பாஸ்புக்கில் கலந்துவிட்டால் அவருக்கு வரித் தொந்தரவு, சபைக்கு அவப்பெயர். வாசலில் ஒட்டிய அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டி ஏமாற்றுவது கடைகளில் நடக்கிற திருட்டு, ஆலயத்திலும் நடக்கலாம். ஆராதனைக்கு முன் ஒருவர் தன் போனில் ஸ்கேன் செய்து சபையின் பெயர் வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

யுபிஐயில் இன்னொரு சிக்கல், பணம் வந்திருக்கும், எதற்கு வந்தது என்று தெரியாது. குறிப்பு எழுதும் இடத்தைப் பெரும்பாலோர் காலியாக விடுகிறார்கள். குடும்ப எண் ஒன்று கொடுத்து, "37 மிஷன்", "37 தசமபாகம்" என்று எழுதச் சொன்னால் போதும். அப்படியும் யாருடையது என்று தெரியாமல் வருவதை "விவரம் தெரியாத வரவு" என்று தனி வரியில் வையுங்கள். இரண்டு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லவில்லை என்றால் பொது நிதிக்கு மாற்றலாம், அதையும் கமிட்டி நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைத்த பிறகு.

யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரிய வேண்டும்? ரசீது எழுதுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் தெரியாமல் இருக்க முடியாது. போதகருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனாலும் அவர் பாரமில்லாமல் போகலாம். பண்டிகை நாளில் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பதை விட்டுவிடுங்கள். 5,000 கொடுத்தவர் பூரித்துப்போவார். 50 ரூபாய் கொடுத்த வீட்டுவேலை செய்யும் அம்மா அடுத்த வருடம் பண்டிகைக்கே வரத் தயங்குவார். இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் கவனித்தார், சீஷருக்கு மட்டும் சொன்னார், அந்த விதவையின் பெயர் இன்றுவரை நமக்குத் தெரியாது.

அறுப்பின் பண்டிகை ஏலம் நம் ஜனங்களுக்கு உயிர். வயலும் தோட்டமும் இல்லாத மும்பையில் தாதர் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயும், வீட்டில் சுட்ட முறுக்கும், ஜன்னல் தொட்டியில் காய்த்த எலுமிச்சம்பழமும் பீடத்துக்கு முன் வந்து சேரும். ஏலம் கூடாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு எலுமிச்சம்பழம் 1,000 ரூபாய்க்குப் போகிற சந்தோஷம் சபைக்கு வேண்டும்தான். சிக்கல் அடுத்த வாரம் வரும். உற்சாகத்தில் ஏலம் கேட்டுவிட்டு, பொருளையும் எடுத்துக்கொண்டு, பணம் வராமல் நிற்கும் பெயர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஏலம் முடிந்த நொடியில் பெயர், பொருள், தொகை எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு ஞாயிறுக்குள் வசூல் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். வராத தொகையை வரவாக எழுதவே எழுதாதீர்கள். இரண்டு குடும்பங்கள் ஒன்றை ஒன்று விஞ்சப் பார்ப்பது தெரிந்தால், ஏலம் விடுகிறவர் "போதும், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி அந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும். ஆகையால் இந்தப் பொறுப்புக்கு வாய் சாமர்த்தியத்தை விடப் பக்குவம் உள்ளவரைத் தேடுங்கள்.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1 கொரிந்தியர் 16-இல் பவுல், வாரத்தின் முதல் நாள்தோறும் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்திலே சேர்த்து வைக்கச் சொல்கிறார். ஞாயிறு காலை பர்சைத் துழாவி எடுப்பது இந்தச் சேர்த்து வைத்தலில் சேராது. சம்பளம் வந்த நாளிலேயே பிரித்துவிட வேண்டும். கைக்கு வரும் சம்பளம் 32,000 என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒன்று 3,200. சபைப் பொதுக் காணிக்கைக்கு 2,000, மிஷனெரி ஊழியத்துக்கு 400, ஏழைகளுக்கு 400, ஊர்ச் சபைக்கு 400. இது ஒரு மாதிரிதான், பங்கு வீட்டுக்கு வீடு மாறும். பிஎஃப் பிடிப்பதற்கு முன்னா பின்னா என்ற விவாதத்தில் காலம் கழிக்க வேண்டாம். ஒன்றைத் தீர்மானித்து வருடம் முழுக்க அதையே கைக்கொள்ளுங்கள். அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன் என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்லும்போது, விசனமும் வேண்டாம், கட்டாயமும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்கிறது.

சொந்தத் தொழில் செய்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். தாராவியிலிருந்து காலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து போகிற ஒருவருக்கு ஒரு நாள் விற்பனை 2,400 என்றால், அவருடைய வரவு 2,400 ஆகாது. அரிசி, உளுந்து, தேங்காய், கேஸ், உதவியாள் கூலி எல்லாம் சேர்ந்து 1,550 போனால் மிச்சம் 850; அதில் பத்தில் ஒன்று 85. விற்பனையில் பத்தில் ஒன்றாக 240 எடுத்து வைத்தால், மறுநாள் உளுந்து வாங்கவே கடன் வாங்க வேண்டிவரும். மனச்சாட்சிக்குப் பயந்து இப்படிச் செய்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவது பெரியவர்களின் கடமை.

வட்டிக்கு வாங்கியவர் வீட்டில் கடன் தீரும் வரை சிறிய தொகையாக, ஆனால் வாரந்தவறாமல் கொடுப்பது நல்லது. கொடுப்பதற்காகக் கடன் வாங்கக் கூடாது. கிரெடிட் கார்டில் பொருத்தனை, அதாவது நேர்ந்துகொண்ட காணிக்கை, செலுத்துவதும் கடன்தான். பெற்றோருக்கு அனுப்ப வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி நிறுத்துவதை மாற்கு 7-இல் ஆண்டவரே கண்டித்திருக்கிறார். ஆகவே ஊரில் அம்மாவுக்கு மருந்துச் செலவு அனுப்பும் பணம் முதலில் போகட்டும். "கொடுத்தால் ஆண்டவர் பத்து மடங்காகத் தருவார்" என்று கடன்காரரிடம் பேசுவது அவர் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது. மல்கியா 3:10-ஐ எடுத்துப் பேசுகிறவர்கள் அதே வசனம் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி என்று சொல்வதையும், உபாகமம் 14:28, 29 மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் ஒதுக்குவதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஊர்ச் சபை விஷயம் மும்பைத் தமிழருக்கே உரிய நெருக்கடி. வருஷ வரி, அசனம் என்னும் சபை விருந்து, கோபுர வேலை, கல்லறைத் தோட்டச் சுவர் என்று ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், மறுக்க மனம் வராது. ஜனவரியிலேயே ஊருக்கென்று ஒரு தொகையை முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு போனுக்கும் தனியாகத் தவிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்தால் வந்து பார்க்கிற போதகரும், சாவுக்கு வந்து நிற்கிற சபையாரும் இங்கே இருப்பவர்கள். முதல் பங்கு இங்கேதான் என்று நாங்கள் சொல்வோம். ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் அதுதான் நியாயம்.

பிள்ளைகளுக்கு ஆலய வாசலில் வைத்துப் பத்து ரூபாயைத் திணிப்பதால் அவர்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. கைச்செலவுக்குக் கொடுக்கும்போதே அவர்களையே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். சமைக்கும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசியை, அதாவது பிடியரிசியை, எடுத்து வைத்த பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் இப்படித்தான். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் நம் நாட்டுப் பணத்தில், நம் நாட்டு ஆட்களை வைத்து ஊழியம் செய்தது. அந்தப் பணத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட வீடுகளும் இருந்தன.

சபை நிதிகளைப் பிரித்து வைப்பது அடுத்தது. ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் புத்தகத்தில் பொது, மிஷனெரி, ஏழைகள், கட்டடம் என்று தனித்தனிப் பக்கம் வேண்டும். மிஷனெரிக்கு என்று கொடுத்த காசில் மின்கட்டணம் கட்டக் கூடாது. "இப்போது எடுத்துக்கொள்வோம், அடுத்த மாதம் வைத்துவிடுவோம்" என்பது எப்போது நடக்கும் என்று முன்பே சொல்லிவிடலாம்: ஜூனில். மே மாதம் பாதிச் சபை ஊருக்குப் போயிருக்கும், காணிக்கை விழும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து உதவி கேட்டு வருவார்கள், மழை தொடங்கி ஓடு ஒழுகும். மாதச் செலவு 70,000 ஆகிற சபை, மூன்று மாதச் செலவான 2,10,000-ஐக் கையிருப்பாக வைத்திருந்தால் இந்த நெருக்கடி வராது. ஒரேயடியாகச் சேராது, மாதம் 5,000 என்று சேர்த்தால் மூன்றரை வருடத்தில் சேரும். கூரை வேலையை ஏப்ரலில் முடியுங்கள். மே கடைசியில் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி ஏறிவிடும்.

ஏழைகள் நிதியைக் கொடுக்கும் முறையில் கவனம் வேண்டும். மூன்று பேர் கொண்ட சிறு குழு முடிவு செய்யட்டும், பெயர் கமிட்டிக்குக்கூட வர வேண்டாம், எண் மட்டும் வரட்டும். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கும், மருந்துப் பணத்தை மருந்துக்கடைக்கும் நேராகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். பரேலில் டாடா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பணத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது, காலையில் வரிசையில் கூட நின்று, டாக்டர் இந்தியில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்கிற ஒரு ஆள். தங்க இடம், காரம் குறைந்த கஞ்சி, இரத்தம், பிளேட்லெட் கொடுக்க ஆரோக்கியமான வாலிபர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் சபையில் தயாராக இருக்கட்டும். ஊர் திரும்ப ரயில் கட்டணச் சலுகைக்கு மருத்துவமனையின் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. விடுமுறை போட்டு ஒரு நாள் கூடப் போகிறவருடைய அந்த நாளும் காணிக்கைதான், வருடாந்தர அறிக்கையில் அதையும் எழுதுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகள் 1950-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் சாரிட்டி கமிஷனரிடம் பதிவாகின்றன. மும்பை அலுவலகம் வோர்லியில் உள்ளது. கணக்கை மார்ச் 31-இல் முடித்துத் தணிக்கை செய்ய வேண்டும். பொறுப்பாளர்கள் மாறினால் 90 நாளுக்குள் மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பிறகு வங்கியிலும் நீதிமன்றத்திலும் யார் உண்மையான பொறுப்பாளர் என்று நிரூபிக்க அலைய நேரிடும். நிலத்தையோ கட்டடத்தையோ விற்க முன் அனுமதி தேவை. ஆலயச் சொத்து உங்கள் சபையின் பேரில் இருக்கிறதா, பல சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்தின் அறக்கட்டளை பேரில் இருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

ஒரே ஆளிடம் ஒரு நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற உதவும் 80ஜி ரசீது கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: குறிப்பிட்ட ஒரு மதத்தாரின் நன்மைக்கென்றே அமைந்த அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படியும் பயனில்லை. சலுகை உள்ள தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் 2,000-க்கு மேல் ரொக்கம் கணக்கில் வராது.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நல்ல மனதோடு மாட்டிக்கொள்கிறார்கள். துபாயில் வேலை செய்கிற, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற தம்பி தன் சம்பளத்திலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அக்கா அனுப்பினால் ஆகும், அவர் இங்கே வந்து ரூபாய் நோட்டாகப் பையில் போட்டாலும்கூட. ஓசிஐ அட்டை இருப்பது இதை மாற்றாது. எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்புகளும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் பெற முடியும்.

மாதக் கணக்கை ஒரே பக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்: தொடக்க இருப்பு, ஒவ்வொரு நிதியின் வரவு, செலவு, முடிவு இருப்பு, வங்கி இருப்பு. தமிழில், பெரிய எழுத்தில். வருடாந்தரக் கூட்டத்தில் கேள்வி கேட்பவரைக் குற்றம் சாட்டுகிறவராகப் பார்க்காதீர்கள். பில் கேட்கிறவருக்கு ஃபைலை எடுத்துக் காட்டுங்கள்.

பொருளாளர் பொறுப்பு மூன்று வருடத்துக்கு மேல் ஒருவரிடம் வேண்டாம். ஒப்படைக்கும்போது கேஷ் புக், ரசீதுப் புத்தகங்களின் எண்கள், பயன்படுத்தாத காசோலைகள், நிரந்தர வைப்புச் சான்றிதழ்கள், நெட் பேங்கிங் விவரம் என்று பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். பட்டியலில் பெரும்பாலும் விடுபடுவது வங்கியில் பதிவான கைப்பேசி எண். அது பழைய பொருளாளரின் சொந்த எண்ணாக இருந்தால், அவர் ஊருக்கே திரும்பிப் போன பிறகும் ஒவ்வொரு ஓடிபியும் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். சபைக்கென்று தனி சிம் வாங்கி, அதை ஒரு சாதாரணப் போனில் போட்டு, ஆலய அலுவலகப் பெட்டியில் வையுங்கள். ரீசார்ஜ் தேதியைச் செயலாளரின் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.